காலேஜ் நடிப்பு ஸ்டூடியோ கிளாஸ்ல புதுசா சேர்றீங்களா? நீலகிரியில இருந்து படிக்கிறவங்களுக்கு ஒவ்வொரு படியா

கோத்தகிரி பக்கத்துல இருந்து தினமும் பஸ்ல ஊட்டிக்குப் போய்ப் படிச்சவ நான். போன வருஷம் டிகிரியோட ஒரு விருப்பப் பாடமா நடிப்பு ஸ்டூடியோ கிளாஸ் எடுத்தேன். முதல் ரெண்டு மாசம் என்ன கொண்டு வரணும், எதுக்கு மார்க், ரிகர்சல் எத்தனை மணி வரைக்கும் போகும்னு எதுவுமே தெரியாம திண்டாடினேன், கேக்கறதுக்கு சீனியரும் யாரும் இல்ல. அட்டெண்டன்ஸ் குறைஞ்சு அபராதம் கட்டினேன், இன்டர்னல்ல மார்க் போச்சு, தொண்டை கட்டி பத்து நாள் பேச முடியாம இருந்தேன். இதுல பாதி முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா நடந்திருக்காது. அதனால நமக்குப் பின்னாடி வர்ற தம்பி தங்கச்சிங்களுக்காக இதை எழுதுறேன்.

ஸ்டூடியோ கிளாஸ்னா பெஞ்ச் டெஸ்க் இல்லாத ஒரு காலி ரூம். பதினஞ்சு இருபது பேர், ஒரு சார் இல்லன்னா மேம். நோட்ஸ் எழுதுறது கொஞ்சம்தான், மத்ததெல்லாம் எழுந்து நின்னு செஞ்சு பாக்கறது.

1. சேர்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி

டிபார்ட்மெண்ட்ல நேரா போய்க் கேளுங்க, கூச்சப்படாதீங்க. இது மார்க் சேர்ற பேப்பரா, இல்ல சர்டிபிகேட் மட்டும் தர்ற கூடுதல் கோர்ஸா? வாரத்துல எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும்? கடைசியில மேடை நிகழ்ச்சி உண்டா? காஸ்ட்யூம், லைட் செலவு யாரோடது? இன்டர்னல் மார்க்கை எதை வெச்சுப் போடுவாங்க?

நான் இதுல ஒண்ணைக்கூட கேக்கல. மேடை நிகழ்ச்சி உண்டுன்னே எனக்கு மூணாவது மாசம்தான் தெரியும், அதுக்கு சாயங்காலம் ஆறரை வரைக்கும் ரிகர்சல்னு சொன்னப்ப எங்க வீட்ல பெரிய சண்டை. முதல் நாளே டைம்டேபிளைக் காட்டி அம்மாகிட்ட பேசியிருந்தா அவங்களும் பயந்திருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. இந்தக் கிளாஸ்ல சேர்ந்தா சினிமாவுக்குப் போயிடலாம்னு நினைச்சு வர்றவங்க உண்டு. இங்க சொல்லித் தர்றது அடிப்படை மட்டும்தான். வெளியில இருந்து யாராவது வந்து சான்ஸ் வாங்கித் தர்றேன், போட்டோ ஆல்பம் போடணும், முன்பணம் கட்டுன்னா ஒரு ரூபாகூட குடுக்காதீங்க.

2. பேப்பர் எல்லாம்

காலேஜ் அட்மிஷனுக்கு எப்பவும் கேக்கறதுதான்: பத்தாவது, பன்னெண்டாவது மார்க்ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். எல்லாத்துலயும் அஞ்சு செட் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவர்ல போட்டு வெச்சுக்கோங்க. ஜூன் ஜூலை மழையில பைக்குள்ள இருக்கற பேப்பர்கூட நனைஞ்சு போகும், என்னோட டிசி காப்பி அப்படித்தான் போச்சு. ஒரிஜினலை எங்க குடுத்தாலும் வாங்கினதுக்கு ஒரு ரசீது கேட்டு வாங்குங்க.

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி எல்லா காலேஜ்லயும் கேப்பாங்க, அதை ஆன்லைன்ல நிரப்பி நீங்களும் பெத்தவங்களும் ஒத்துக்கணும். நிரப்பினதும் வர்ற ரெஃபரன்ஸ் நம்பரைக் குறிச்சு வைங்க.

ஸ்டூடியோ கிளாஸுக்குன்னு தனியா ரெண்டு பேப்பர் உண்டு, இதை யாரும் அட்மிஷன் அன்னைக்கு சொல்ல மாட்டாங்க. ஒண்ணு, பெற்றோர் சம்மதக் கடிதம். சாயங்கால ரிகர்சலுக்கும் வெளியூர் நிகழ்ச்சிக்கும் இது வேணும். அப்பா அம்மா வேலைக்குப் போற வீடுன்னா கையெழுத்து வாங்கவே ரெண்டு நாள் ஆகும், அதனால முதல் வாரமே வாங்கி வெச்சிடுங்க. ரெண்டாவது, உடம்பு பத்தின தகவல். ஆஸ்துமா, வலிப்பு, முட்டி வலி, பழைய எலும்பு முறிவு எது இருந்தாலும் எழுதிக் குடுங்க. மறைச்சா தரையில உருள்ற பயிற்சியில அடிபடப் போறது நீங்கதான்.

3. செலவு எவ்வளவு ஆகும்

எனக்கு அஞ்சு மாசத்துல ஆன கணக்கு இது. கருப்பு டிராக் பேண்ட் ஒண்ணு 350, கருப்பு டிஷர்ட் ரெண்டு 400, நோட்டு 60, ஸ்கிரிப்ட் ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து 180, மேடைக்கு என் பங்கு 300. ரிகர்சல் நாள்ல டீ, பன்னுக்கு ஆனதை நான் எழுதி வைக்கல, ஆனா அதுதான் சத்தமில்லாம போற காசு. வீட்ல இருந்து டிபன் கட்டிட்டுப் போங்க.

யோகா மேட் வாங்கணும்னு கிளாஸ்ல சொன்னாங்க. நான் வாங்கல, வீட்ல இருந்த பழைய கம்பளியை நாலா மடிச்சு எடுத்துட்டுப் போனேன், அது மேட்டை விட நல்லா இருந்துச்சு, ஊட்டித் தரை குளிர் மேட்டைத் தாண்டி ஏறும். உள்ளுக்குப் போடற தெர்மல் வேணும்னா பொட்டானிக்கல் கார்டன் பக்கத்துல திபெத்தியன் மார்க்கெட்ல பேரம் பேசி வாங்கலாம்.

வர்ற காசையும் விட்டுடாதீங்க. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரை அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல அதே 1000. காலேஜ் மூலமாதான் விண்ணப்பிக்கணும், பேங்க் அக்கவுண்ட்ல ஆதார் இணைச்சிருக்கணும். எங்க கிளாஸ்ல ரெண்டு பேருக்கு ஆதார் இணைக்காததால பல மாசம் பணம் வராமலே இருந்துச்சு, பேங்க்ல போய் ஒரு ஃபாரம் குடுத்ததும் சரியாச்சு.

4. நேரமும் பஸ்ஸும்

மலையில படிக்கிறவங்களுக்கு இதுதான் நடிப்பை விடப் பெரிய விஷயம். 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஸ்டூடியோ கிளாஸ் வாரத்துக்கு ரெண்டு நாள்தான், ஒவ்வொண்ணும் ரெண்டு மூணு மணி நேரம். ஒரு நாள் போகலன்னா சாதாரண பேப்பர்ல மூணு கிளாஸ் போன மாதிரி.

நான் மாட்டினது அக்டோபர், நவம்பர் மழையில. கட்டபெட்டு தாண்டி மரம் விழுந்து பஸ் நின்னு போச்சு, இன்னொரு நாள் மண்சரிவு. ரெண்டு தடவையும் நான் போன் பண்ணி சொல்லல, லீவ் லெட்டரும் குடுக்கல, ஆப்சென்ட் ஆப்சென்டாவே இருந்துச்சு. நீங்க அப்படி விடாதீங்க. ரோடு அடைஞ்சா உடனே ஒரு போட்டோ எடுத்து கிளாஸ் குரூப்ல போடுங்க, மறுநாளே லெட்டர் எழுதி டிபார்ட்மெண்ட்ல குடுத்து ஒரு காப்பியில கையெழுத்து வாங்கிக்கோங்க. செமஸ்டர் கடைசியில போய் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

பொண்ணுங்களுக்கு 2024ல இருந்து நம்ம மலையிலயும் சாதாரணக் கட்டண பஸ்ல டிக்கெட் காசு இல்ல. ஏறும்போது போர்டைப் பாத்து ஏறுங்க, எல்லா பஸ்ஸும் அந்தக் கணக்குல வராது. பசங்க பஸ் பாஸ் ஃபாரத்தை முதல் வாரமே குடுத்திடுங்க, கைக்கு வர நாளாகும், அதுவரை ஆகற டிக்கெட் காசைத் தனியா எடுத்து வைங்க. ரிகர்சல் டைம் முடிவு பண்றப்போ உங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு எழுதிக் குடுங்க. வாயில சொன்னா மறந்துடுவாங்க, ஸ்டூடியோ சுவத்துல ஒட்டியிருந்தா மறக்க மாட்டாங்க. எங்க குரூப்ல இதைச் செஞ்ச பிறகுதான் தூரத்துல இருந்து வர்றவங்க சீன் எல்லாத்தையும் முதல்ல எடுத்தாங்க.

5. முதல் நாள் என்ன போட்டுட்டுப் போறது

தளர்வா, கை கால் நீட்ட முடியற மாதிரி. ஜீன்ஸ் வேண்டாம். வளையல், மோதிரம், தொங்கட்டான் எல்லாம் கழட்டி வைங்க. கம்பளி சாக்ஸோட பயிற்சி செய்யவே செய்யாதீங்க, மரத்தரையில வழுக்கும், எங்க கிளாஸ்ல ஒருத்திக்கு மணிக்கட்டு பிசகிடுச்சு. வெறுங்கால், முடியலன்னா ரப்பர் அடி வெச்ச கேன்வாஸ் ஷூ.

அரை மணி முன்னாடி போயிடுங்க. டிசம்பர் ஜனவரியில உறைபனி விழுற நாள்ல உடம்பு வெறகு மாதிரி இருக்கும், அப்படியே குனிஞ்சு நிமிர்ந்தா தசை பிடிச்சுக்கும். ரூமைச் சுத்தி வேகமா நடங்க, கணுக்கால், முட்டி, இடுப்பு, தோள், கழுத்துன்னு கீழ இருந்து மேல வரைக்கும் மெதுவா சுத்துங்க.

6. உடம்பு: முதல்ல தோளை இறக்குங்க

இதை மேம் சொன்ன அன்னைக்கு நான் ஆச்சரியப்பட்டுப் போனேன். மலையில வளர்ந்த நாம எல்லாரும் குளிருக்குத் தோளைத் தூக்கி, கையை ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள்ள விட்டு, நெஞ்சைக் குறுக்கிட்டு நிப்போம். சின்ன வயசுல இருந்து அப்படியே பழகிடுச்சு. மேடையில ராஜாவா நின்னாலும் கலெக்டரா நின்னாலும் பஸ் ஸ்டாண்டுல குளிர்ல நிக்கறவங்க மாதிரியே தெரியும். அதனால ஸ்வெட்டரைக் கழட்டிட்டு நில்லுங்க. ரெண்டு காலையும் இடுப்பு அகலத்துக்கு வெச்சு, முட்டியைப் பூட்டாம, கையைச் சும்மா தொங்க விட்டு ரெண்டு நிமிஷம். கையை என்ன பண்றதுன்னே தெரியாது, ஏதாவது பண்ணணும்னு துடிக்கும். விட்டுடுங்க. இந்தச் சும்மா நிக்கறது வர எனக்கு மூணு வாரம் ஆச்சு.

அடுத்து இல்லாத பொருளைக் கையாள்றது. என்கிட்ட கொழுந்துக் கூடை தூக்கச் சொன்னாங்க. எங்க அம்மா எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறவங்க, எனக்குத் தெரியாததா இதுன்னு நெத்தியில கயிறு மாட்டி நடந்து காட்டினேன். "எத்தனை கிலோ?"ன்னு கேட்டாங்க. பதில் வரல. அடுத்த சனிக்கிழமை நிறுவைக்கு அம்மா மூட்டையை நான் தூக்கினேன், 22 கிலோ. நடக்கறப்போ கால் பெருவிரல்தான் முதல்ல மண்ணைப் பிடிக்குது, மூச்சு வாய் வழியா போகுது, பேசினா பாதியில நிக்குது. திங்கக்கிழமை அதைச் செஞ்சப்ப ரூம்ல யாரும் பேசல. உங்களுக்குத் தெரிஞ்ச வேலையா இருந்தாலும் ஒரு தடவை செஞ்சு, எங்க வலிக்குதுன்னு குறிச்சுட்டு வாங்க.

7. மூச்சும் குரலும்

ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல இருக்கு. கீழ இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கறவங்களுக்கு முதல் வாரம் சீக்கிரம் மூச்சு வாங்கும், பயப்பட வேண்டாம், பழகிடும், ஆனா அந்த வாரம் ஓடிட்டே வசனம் பேசற பயிற்சியைக் குறைச்சுக்கோங்க.

மல்லாந்து படுத்து வயித்து மேல ஒரு நோட்டு வைங்க. மூச்சு இழுத்தா நோட்டு மேல வரணும், நெஞ்சு தூக்கக் கூடாது. நாலு எண்ணி இழுத்து எட்டு எண்ணி விடுங்க. அப்புறம் வாயை மூடி "ம்ம்ம்"னு அஞ்சு நிமிஷம், உதடு அதிரணும். அதுக்கப்புறம்தான் வார்த்தை. ழகரம் வராதவங்க "ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்"னு முதல்ல மெதுவா, அப்புறம் வேகமா சொல்லிப் பழகுங்க.

எங்க ஸ்டூடியோ தகரக் கூரை. மழை பெஞ்சா பக்கத்துல நிக்கறவங்க பேசறதே கேக்காது. நான் தொண்டையால கத்தினேன், அதுலதான் பத்து நாள் குரல் போச்சு. கத்தாதீங்க. எதிர்ல இருக்கற சுவத்துல ஒரு புள்ளியைப் பாத்து அங்க போய்ச் சேர்ற மாதிரி மெதுவா, ஒவ்வொரு மெய்யெழுத்தையும் முழுசா சொல்லுங்க. வெந்நீர் பாட்டில் கையிலயே இருக்கட்டும். தொண்டை வலிச்சா அன்னைக்குப் பேசாதீங்க, மேம்கிட்ட சொல்லிட்டு உக்காந்து பாருங்க.

பேச்சு வழக்கு பத்தி ஒரு வார்த்தை. எங்க கிளாஸ்ல படுகர்களோட மொழியான படுகு பேசற வீட்டுப் பசங்க, மலையாளம் கலந்த தமிழ் பேசற கூடலூர்ப் பசங்க, எஸ்டேட் லைன்ல வளர்ந்த நாங்க எல்லாரும் இருந்தோம். முதல்ல எல்லாரும் டிவி செய்தி மாதிரி பேசினோம், ஒருத்தர் குரலும் உண்மையா இல்ல. உங்க வீட்டுப் பேச்சுலயே ஆரம்பிங்க. கதாபாத்திரத்துக்கு வேற வழக்கு வேணும்னா பிறகு கத்துக்கலாம்.

8. எதிர்ல இருக்கறவங்களைக் கேக்கறது

இந்தக் கிளாஸ்ல நான் கத்துக்கிட்டதுல பெருசு இதுதான், இங்கதான் எல்லாரும் தப்பும் பண்றாங்க. சோகமான சீன்னா மூஞ்சியைச் சோகமா வெச்சுக்கறது, கோபம்னா பல்லைக் கடிக்கறது. எதிர்ல இருக்கறவங்க என்ன சொன்னாங்கன்னே காதுல விழாது, நம்ம அடுத்த வசனம் எப்ப வரும்னு காத்துட்டு நிப்போம்.

இதுக்கு அமெரிக்காவுல சான்ஃபோர்ட் மெய்ஸ்னர்னு ஒரு ஆசிரியர் உருவாக்கின திரும்பச் சொல்ற பயிற்சி உண்டு. ரெண்டு பேர் எதிரெதிரா உக்காரணும். "நீ நீல ஸ்வெட்டர் போட்டிருக்க." "நான் நீல ஸ்வெட்டர் போட்டிருக்கேன்." இதையே மாத்தி மாத்தி சொல்லிட்டே இருக்கணும். ரெண்டு நிமிஷத்துல சிரிப்பு வரும், அப்புறம் எரிச்சல் வரும், அப்புறம் அவங்க குரல் மாறினா நம்ம குரலும் தன்னால மாறும். அந்த மாற்றத்தை நாம திட்டம் போட்டுக் கொண்டு வரல, அவங்ககிட்ட இருந்து வாங்கினது. கூச்சப்பட்டுப் பாதியில நிறுத்திடாதீங்க, அஞ்சாவது நிமிஷத்துக்கு மேலதான் ஏதாவது நடக்கும்.

இம்ப்ரோவ்னா ஸ்கிரிப்ட் இல்லாம அப்பப்ப தோணுறதை வெச்சு நடிக்கறது. அதுல ஒரே விதி, கூட நடிக்கறவங்க குடுத்ததை மறுக்காதீங்க. அவங்க "டாக்டர், காலு வலிக்குது"ன்னா நீங்க டாக்டர்தான். "நான் டாக்டர் இல்லயே"ன்னா சீன் அங்கயே செத்துடும்.

9. ஸ்கிரிப்டைப் பிரிக்கறது

ஸ்கிரிப்ட் கையில வந்ததும் மனப்பாடம் பண்ண ஓடாதீங்க. முதல்ல மூணு தடவை சும்மா படிங்க. அப்புறம் ரஷ்யாவோட ஸ்டானிஸ்லாவ்ஸ்கி சொல்லித் தந்த வழியில பென்சிலால பதில் எழுதுங்க: நான் யாரு, எங்க இருக்கேன், எந்த நேரம், இப்பதான் எங்க இருந்து வந்தேன், எதிர்ல இருக்கறவங்ககிட்ட எனக்கு என்ன வேணும், எது தடுக்குது? இந்த நிலைமையில நான் இருந்தா என்ன செய்வேன்?

"என்ன வேணும்"கறதுக்கு ஒரு செயலைப் பதிலா எழுதணும். "சோகமா இருக்கேன்"னு எழுதினா மேடையில ஒண்ணும் பண்ண முடியாது. "அண்ணனைப் போக விடாம நிறுத்தணும்"னு எழுதினா கை, கால், குரல் எல்லாத்துக்கும் வேலை வந்துடும். நோக்கம் மாறுற இடத்துல எல்லாம் ஒரு கோடு போடுங்க. ரெண்டு பக்க சீன்ல எனக்கு ஆறு கோடு வந்துச்சு, மனப்பாடம் அதுக்கப்புறம் ரெண்டு நாள்ல முடிஞ்சுது, அதுவும் பஸ்லயே.

மேடை இடது வலதுன்னா ஆடியன்ஸைப் பாத்து நிக்கற நடிகரோட இடது வலது. அப்ஸ்டேஜ்னா ஆடியன்ஸை விட்டு தூரம், டவுன்ஸ்டேஜ்னா கிட்ட. நடக்கற இடத்தை ஸ்கிரிப்ட் ஓரத்துல அம்புக்குறியா பென்சில்ல குறிங்க, பேனா வேண்டாம், பத்து தடவை மாறும்.

10. தொடுறது, படம் எடுக்கறது

கை பிடிக்கணும், தள்ளணும், கட்டிப்பிடிக்கணும்னு சீன்ல இருந்தா முதல்ல ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கணும், எங்க தொடலாம், எங்க கூடாதுன்னு. வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, அதுக்காக யாரும் மார்க் குறைக்கக் கூடாது. உங்களைக் கேக்காம வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டாலும் அழிக்கச் சொல்லுங்க. யாராவது எல்லை மீறினா காலேஜ்ல உள்ளகப் புகார்க் குழு இருக்கும், அதுல எழுத்துல குடுங்க. ராகிங்னா 1800-180-5522, எந்நேரமும் எடுப்பாங்க.

11. நோட்டு எழுதுங்க, மார்க் அங்கதான்

எனக்கு இன்டர்னல் போனது இதுலதான். ஒவ்வொரு கிளாஸுக்கும் அரைப் பக்கம் எழுதணும்னு முதல் வாரம் ஒரே ஒரு தடவை சொன்னாங்க, நான் நடிப்புக் கிளாஸ்ல எதுக்கு எழுத்துன்னு விட்டுட்டேன். கடைசி வாரம் உக்காந்து இருபது நாளுக்கும் சேர்த்து எழுதினது படிச்சாலே தெரிஞ்சுடும், தெரிஞ்சுது. அன்னன்னைக்கு பஸ்ல எழுதுங்க: என்ன பயிற்சி, எங்க மாட்டினேன், யாரைப் பாத்து என்ன கத்துக்கிட்டேன். தேதி போடுங்க.

12. நிகழ்ச்சி நாள்

ரெண்டு வாரம் முன்னாடியே ஸ்கிரிப்ட் கையில இல்லாம வசனம் வரணும். ஒரு வாரம் முன்னாடி காஸ்ட்யூமோட ஒரு தடவை முழுசா ஓட்டணும், புடவை தடுக்குதா, ஷூ சத்தம் போடுதான்னு அப்பதான் தெரியும். முந்தின நாள் கரண்ட் போனா என்ன பண்றதுன்னு பேசி வைங்க, மழை நாள்ல இங்க அது நடக்கும், நாங்க எமர்ஜென்சி லைட் நாலு தயாரா வெச்சிருந்தோம், ஒரு சீன் முழுக்க அதுலதான் நடந்துச்சு. ராத்திரி வீடு திரும்ப வண்டிக்கு ஆளுக்கு இவ்வளவுன்னு அன்னைக்கே காசு வசூல் பண்ணிடுங்க.

முடிஞ்சதும் வாடகை காஸ்ட்யூமை எண்ணிப் பாத்து ரசீதோட திருப்பிக் குடுங்க. வீட்ல இருந்து கொண்டு வந்த துணின்னா துவைச்சுக் குடுக்கணும், மழைக்காலத்துல நம்ம ஊர்ல அது காய மூணு நாள் ஆகும், பக்கத்து வீட்டு அக்காகிட்ட புடவை வாங்கும்போதே அந்த மூணு நாளையும் சேர்த்துச் சொல்லி வாங்குங்க.